காரில் பிஸ்டல், பின்னால் போலீஸ் விளக்கு: எதைச் சொல்ல வேண்டும், எதை மறுக்கலாம்?

கேள்வி: ஹூஸ்டன் அருகே பெட்ரோல் பங்க்கும் அதோடு சேர்ந்த கடையும் நடத்துகிறேன். கிரீன் கார்டு கிடைத்து நான்கு வருடம் ஆகிறது. பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்த பிறகு முறைப்படி ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கினேன். டெக்சாஸில் இப்போது லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள், அதனால் எடுக்கவில்லை. போன மாதம் இரவு பதினோரு மணிக்குக் கடையை மூடிவிட்டு வரும்போது டெயில் லைட் எரியவில்லை என்று போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். "காரில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். கன்சோலில் இருக்கிறது என்றேன். இறங்கச் சொல்லி உடம்பைத் தட்டிப் பார்த்தார். பிஸ்டலை எடுத்து அதன் நம்பரைச் சரிபார்த்தார். பிறகு "காரைப் பார்க்கலாமா?" என்றார். பயத்தில் சரி என்றுவிட்டேன். டிக்கியில் அன்றைய வசூல் 4,200 டாலர் ஒரு பையில் இருந்தது. அது ஏது, யாருடையது என்று குடைந்தெடுத்தார். 35 நிமிடம் கழித்து எச்சரிக்கைச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பினார். அவர் செய்ததெல்லாம் சட்டப்படி சரியா? துப்பாக்கி இருப்பதை நானாகவே சொல்ல வேண்டுமா? எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி எங்களோடுதான் தங்கியிருக்கிறார், வார இறுதியில் இதே காரை ஓட்டுவார். அடுத்த மாதம் குடும்பத்தோடு காரில் நியூ ஜெர்சி போகிறோம். பிஸ்டலைக் கொண்டுபோகலாமா?

பதில்: தம்பியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம் அதுதான். அதனால் வரிசையை மாற்றி அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. சிறைத் தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். 2022 வரை அது 10 ஆண்டாக இருந்தது. பிஸ்டல் கையில் இருந்தால்தான் குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். தம்பி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறார், கன்சோலில் பிஸ்டல் இருப்பது அவருக்குத் தெரியும், கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அரசு வழக்கறிஞர் வழக்குப் போட இவ்வளவு போதும். இப்படிப்பட்டவரிடம் தெரிந்தே துப்பாக்கியைக் கொடுப்பதும் தனிக் குற்றம், அது உங்கள் தலையில் விடியும்.

2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கைப் பாருங்கள். மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்று, விசா நிலையை இழந்த இளைஞர் அவர். ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதில்தான் அந்த வழக்கே ஆரம்பித்தது. தன் குடியேற்ற நிலை என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் விசா எச்-1பி என்று தெரியாத எஞ்சினியர் யாரும் இல்லை என்பதால், உங்கள் தம்பிக்கு அந்தத் தீர்ப்பால் பெரிய பயன் கிடையாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிக் கேட்காமல் அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: வீட்டில் ஒரு சேஃப் வாங்கி வையுங்கள். அதன் எண் தம்பிக்குத் தெரியக் கூடாது. கார் சாவியை அவரிடம் கொடுக்கும் முன் பிஸ்டலை மட்டும் எடுத்தால் போதாது, தோட்டா அடுக்கும் மேகசினையும் எடுங்கள். இருக்கைக்கு அடியில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டாவைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

இனி அந்த இரவுக்கு வருவோம்.

அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் போலீசுக்குப் படிப்படியாகத்தான் அதிகாரம் கொடுக்கிறது. ஒருவரை நிறுத்தி வைக்க "நியாயமான சந்தேகம்" வேண்டும். நிறுத்தியவரின் உடம்பைத் தட்டிப் பார்க்க, அவர் ஆயுதத்தோடு இருக்கிறார், ஆபத்தானவர் என்று நம்பத் தனிக் காரணம் வேண்டும். காரை முழுதாகச் சோதனை போட அதற்கும் மேலே போதிய முகாந்திரம் வேண்டும், அல்லது உங்கள் சம்மதம் வேண்டும். முதல் இரண்டு படிகளும் 1968-ல் வந்த டெர்ரி வழக்கின் தீர்ப்பிலிருந்து வந்தவை. கிளீவ்லாந்தில் ஒரு கடையின் ஜன்னலை மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரு துப்பறிவாளர் நிறுத்தித் தட்டிப் பார்த்தார், கோட்டுக்குள் துப்பாக்கி இருந்தது. உறுத்தலாக இருந்தது, உள்ளுணர்வு சொன்னது என்பதெல்லாம் காரணம் ஆகாது, என்ன பார்த்தார் என்று எடுத்துச் சொல்ல முடிய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அப்படியானால் துப்பாக்கி இருப்பதே சந்தேகத்துக்குக் காரணம் ஆகுமா? பேருந்து நிறுத்தத்தில் கட்டம் போட்ட சட்டை அணிந்த இளைஞரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மியாமியில் ஒரு பெயரில்லாத தொலைபேசித் தகவல் வந்தது. போலீஸ் போய்த் தட்டிப் பார்த்தது, துப்பாக்கியும் இருந்தது. ஆனாலும் அந்தச் சோதனை செல்லாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துப்பாக்கி என்ற பேச்சு வந்தாலே விதியைத் தளர்த்தலாம் என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. இடுப்பில் வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்துக்கொண்டு போவது ஒஹையோவில் சட்டப்படி சரி. அப்படிக் குடும்பத்தோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போனவரைப் பிடித்து விலங்கு மாட்டியது நார்த்ரப் வழக்கு. சில மாநிலங்களை ஒரு வட்டாரமாகச் சேர்த்து விசாரிக்கும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஆறாவது வட்டார நீதிமன்றம் 2015-ல் போலீசுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றமும் 2019-ல் ஹிக்ஸ் வழக்கில் அதே வழியில் போனது: மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்த முடியாது. லைசென்ஸ் உள்ள லட்சக்கணக்கான பேரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றாகிவிடுமே!

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. கைத்துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் போலீஸ் ஒருவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற ஒரு வாசகம் அந்த மசோதாவில் முதலில் இருந்தது. செனட் அதை நீக்கியது, இறுதிச் சட்டத்தில் அது வரவே இல்லை. எனவே டெக்சாஸ் சட்டம் உங்களுக்குத் தனிக் கேடயம் எதையும் தரவில்லை. நான்காவது திருத்தம் தரும் பாதுகாப்புதான் மிச்சம்.

உங்கள் விஷயத்தில் இந்த விவாதமே எழாது. நிறுத்தியது டெயில் லைட்டுக்காக, அது போதும். உள்ளுக்குள் வேறு சந்தேகம் இருந்து, விளக்கை ஒரு சாக்காக அவர் பிடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்தம் செல்லும் என்று 1996-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. காரை விட்டு இறங்கச் சொன்னதும் செல்லும். 1977-ல் மிம்ஸ் வழக்கு முடிவு செய்த விஷயம் அது. அங்கே காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்தினார்கள், இறங்கியதும் கோட்டுக்கு அடியில் புடைப்பு தெரிந்தது, உள்ளே குண்டு நிரப்பிய .38 ரிவால்வர் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் இறங்கச் சொல்லலாம். இதில் வாதாட இடமே இல்லை. சாலையோரத்தில் "ஏன் இறங்க வேண்டும்?" என்று கேட்டு நிற்பவர்களுக்கு நல்லது நடந்ததில்லை.

தட்டிப் பார்த்ததும் பிஸ்டலை எடுத்துக்கொண்டதும் கொஞ்சம் நுட்பமான இடம். ஆயுதம் வைத்திருப்பவர் எல்லோரும் ஆபத்தானவர்களா? ஆம் என்கிறது நான்காவது வட்டார நீதிமன்றம். 2017-ல் வந்த ராபின்சன் தீர்ப்பின்படி, நிறுத்தம் சட்டப்படி நடந்திருந்தால், ஆயுதம் இருப்பதே தட்டிப் பார்க்கப் போதும், அவரிடம் லைசென்ஸ் இருக்கலாம் என்பது கணக்கில் வராது. உரிமையைப் பயன்படுத்துகிறவரையே ஆபத்தானவர் என்று முத்திரை குத்தும் இந்தத் தர்க்கம் எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் டெக்சாஸ் அந்த வட்டாரத்தில் இல்லை, இங்கே மாநிலச் சட்டமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. தன்னுடைய, உங்களுடைய அல்லது வேறு யாருடைய பாதுகாப்புக்காவது அவசியம் என்று நியாயமாக நம்பினால், போலீஸ்காரர் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அச்சுறுத்தல் இல்லை என்று தெரிந்து, கைதும் செய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு உங்களை அனுப்பும் முன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இரவு பதினோரு மணி, ஒற்றை போலீஸ்காரர், கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்டல் என்றால் எந்த நீதிபதியும் அவர் பக்கம்தான் சாய்வார். கன்சோலைத் திறந்ததும் சரிதான். ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், ஆயுதம் கிடக்கக்கூடிய இடங்களைக் காரின் உட்பகுதிக்குள் தேடலாம் என்கிறது 1983-ன் லாங் வழக்கு. கையில் இருக்கும் பிஸ்டலில் கண்ணுக்குத் தெரியும் நம்பரைப் படித்துத் திருட்டுப் பொருளா என்று பார்ப்பதையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

கவனியுங்கள், அந்த அதிகாரம் காரின் உட்பகுதியோடு நின்றுவிடுகிறது. டிக்கி அதில் வராது. டெக்சாஸில் காரில் பிஸ்டல் இருப்பது குற்றமே இல்லை என்பதால், பிஸ்டலைக் காட்டி டிக்கியைத் திறக்கவும் முகாந்திரம் கிடையாது. அவருக்கு வழி திறந்துவிட்டது நீங்கள் சொன்ன "சரி" ஒன்றுதான். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, அது 1973-லேயே முடிவான விஷயம். மறுத்தால் சந்தேகப்படுவார்களே என்று பயந்திருப்பீர்கள். மறுப்பதை மட்டுமே வைத்துச் சந்தேகம் என்று சொல்ல முடியாது. அடுத்த முறை, கைகளை அசைக்காமல், குரலை உயர்த்தாமல், "ஆஃபிஸர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதையும் மீறித் திறந்தால் குறுக்கே நிற்காதீர்கள், கதவைப் பிடிக்காதீர்கள். நீங்கள் சொன்ன வாக்கியம் அவர் நெஞ்சில் மாட்டியிருக்கும் கேமராவில் பதிந்திருக்கும். சண்டையை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் போட்டுக்கொள்வார். ஏற்கெனவே சரி சொல்லிவிட்டாலும் இடையில் "இத்தோடு போதும், மேற்கொண்டு சம்மதம் இல்லை" என்று திரும்பப் பெறலாம்.

35 நிமிடமும் இதே முடிச்சில்தான் மாட்டுகிறது. 2015-ல் வந்த ராட்ரிகெஸ் தீர்ப்பு நல்ல தீர்ப்பு. எச்சரிக்கைச் சீட்டு எழுதி முடித்த பிறகு மோப்ப நாய்க்காக ஏழெட்டு நிமிடம் ஓட்டுநரை நிறுத்தி வைத்ததே தவறு என்றது. ஓட்டுநர் லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ், பிடிவாரண்ட் எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது, சீட்டு எழுதுவது, இவ்வளவுதான் ஒரு போக்குவரத்து நிறுத்தத்தின் வேலை. அதற்கு மேல் இழுக்கப் புதிதாக நியாயமான சந்தேகம் வேண்டும். ஆனால் நீங்களே சம்மதித்த சோதனைக்கு ஆன நேரம் அந்தக் கணக்கில் சேராது. சீட்டும் லைசென்ஸும் உங்கள் கைக்கு வந்த பிறகும் பேச்சு நீண்டால் "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" என்று கேளுங்கள். ஆம் என்றால் கிளம்புங்கள். இல்லை என்றால், எந்த நிமிடத்திலிருந்து உங்களைக் கட்டாயமாகப் பிடித்து வைத்தார் என்பது பதிவாகிவிடும்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. இரவு நேரம், பிஸ்டல், ரொக்கம் மூன்றும் சேர்ந்தால் போதைப்பொருள் பணம் என்று சொல்லிப் பறிமுதல் நடவடிக்கை தொடங்க முடியும். உங்கள்மீது வழக்கே போடாமல்கூடப் பணத்தின்மீது போடலாம். கிழக்கு டெக்சாஸில் டெனஹா என்ற சிற்றூரில் வழிப்போக்கர்களிடம் இப்படிப் பறித்தது பெரிய வழக்காகி 2012-ல் சமரசத்தில் முடிந்தது. வசூல் பைக்குள்ளேயே அன்றைய ரெஜிஸ்டர் கணக்குச் சீட்டையும் நிரப்பிய வங்கி டெபாசிட் சீட்டையும் போட்டு வையுங்கள்.

துப்பாக்கி இருப்பதை நானாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்பவர் தானாகச் சொல்ல வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கேரி லைசென்ஸ் (கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல மாநிலம் தரும் லைசென்ஸ்) இருந்து, துப்பாக்கியும் கூட இருந்தால், போலீஸ் அடையாளம் கேட்கும்போது ஓட்டுநர் லைசென்ஸோடு அதையும் காட்ட வேண்டும். காட்டாததற்குத் தண்டனை எதுவும் இப்போது சட்டத்தில் இல்லை. மிச்சிகனிலும் வட கரோலினாவிலும் கதை வேறு. அங்கே மறைத்து எடுத்துச் செல்பவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாநில எல்லை தாண்டினால் விதி மாறும் என்பதை மறக்கக் கூடாது.

கேட்டுவிட்டால் பொய் சொல்லாதீர்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது பேசா உரிமையைக் கோரியது ஆகாது. ஹூஸ்டன் கொலை வழக்கு ஒன்றில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. "ஐ வுட் லைக் டு ரிமெயின் சைலன்ட்" என்று வாயால் சொல்ல வேண்டும். சினிமாவில் வருவது போல உரிமைகளைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள், சாதாரணப் போக்குவரத்து நிறுத்தம் காவலில் எடுத்ததாகாது. இவ்வளவு உரிமை இருந்தும் என் யோசனை: பிஸ்டல் அவர் கண்ணில் படக்கூடிய இடத்திலோ, நீங்கள் கையை நீட்டப் போகும் இடத்துக்கு அருகிலோ இருந்தால், கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்போது சொல்லும் வரிசைதான் முக்கியம்.

2016 ஜூலை 6-ம் தேதி மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் பிலாண்டோ காஸ்டீல் என்பவரை நிறுத்தினார்கள். சொன்ன காரணம் பிரேக் லைட். அவரிடம் துப்பாக்கிக்கு முறையான பெர்மிட் இருந்தது. போலீஸ்காரர் ஓட்டுநர் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்டார். காஸ்டீல் இன்ஷூரன்ஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு மரியாதையாக, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். லைசென்ஸ் கொடுப்பது இன்னும் பாக்கி இருந்தது. எடுக்காதே என்றார் போலீஸ்காரர், எடுக்கவில்லை என்றார் காஸ்டீல். சில வினாடிகளில் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார், காஸ்டீல் இறந்துபோனார். மறு ஆண்டு ஜூனில் ஜூரி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தது. காஸ்டீல் சட்டத்தை மீறவில்லை, ஒளிக்கவும் இல்லை. லைசென்ஸை எடு, துப்பாக்கியை எடுக்காதே என்று ஒன்றோடொன்று முட்டும் இரண்டு உத்தரவுகளுக்கு நடுவே ஒரு கை அசைந்தது, அவ்வளவுதான்.

அதனால் எதையும் எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள், சொன்ன பிறகு எதையும் எடுக்காதீர்கள். வண்டியை வலப்பக்கம் ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடிகளை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேற்பக்கம் விரித்து வையுங்கள். "கன்" என்ற சொல்லோடு வாக்கியத்தைத் தொடங்க வேண்டாம். "ஆஃபிஸர், சட்டப்படி ஆயுதம் வைத்திருக்கிறேன். அது கன்சோலில் இருக்கிறது. என் லைசென்ஸ் வலது பின் பாக்கெட்டில் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?" இதை ஆங்கிலத்தில் நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், பதற்றத்தில் ஆங்கிலம் குழறும். அவர் சொல்லும்வரை கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும். "எடுத்துக் காட்டு" என்று அவரே சொன்னாலும் பிஸ்டலைத் தொடாதீர்கள். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இறங்கிவிடுங்கள். அவர் திருப்பிக் கொடுக்கும்போது பெரும்பாலும் மேகசினைக் கழற்றி, தோட்டாவை எடுத்துத் தனியாகத்தான் கொடுப்பார்கள். அவர் வண்டி போகும்வரை அதைக் கோத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் பிஸ்டலையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. உங்கள் கன்சோலில் இரண்டும் சேர்ந்து கிடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன், பலரும் செய்வது அதுதான். காகிதம் எடுக்கத் திறந்தால் பிஸ்டல் பல்லைக் காட்டும். காகிதங்களைச் சூரிய மறைப்பின் மேல் ஒரு உறையில் செருகிவிடுங்கள். பிஸ்டலை உறையில்லாமல் இருக்கை மீது போட்டிருந்தால் அதுவே டெக்சாஸில் குற்றம். வெளியே தெரியும்படி இருந்தால் ஹோல்ஸ்டரில் இருக்க வேண்டும்.

கேரி லைசென்ஸ் தேவையில்லை என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோவதை ஒரு ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் பெற்றவருக்கு விலக்கு உண்டு, லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்பவருக்கு இல்லை. குண்டு நிரப்பாமல் பூட்டிய பெட்டியில் வைத்தால் தப்பலாம், உங்கள் கன்சோல் பிஸ்டல் அப்படியில்லை. ஹூஸ்டன் புறநகரில் பள்ளி இல்லாத சாலை எங்கே இருக்கிறது? இந்தச் சட்டத்தில் தனியாக வழக்குப் போடுவது அரிது. ஆனால் கிரீன் கார்டுக்காரர் அரிதானதையும் நம்பி இருக்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் 40 டாலர். நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பும் ஒரு சுடும் தேர்வும் உண்டு. எடுத்துவிடுங்கள்.

தடைப் பலகைகளும் இரண்டு வகையினருக்கும் வேறு வேறு. சட்டப் பிரிவின் எண்ணே பலகையின் பெயர். லைசென்ஸ் இல்லாதவரைத் தடுப்பது 30.05 என்ற பலகை. லைசென்ஸ் உள்ளவருக்கு மறைத்து எடுத்துவரத் தடை 30.06, வெளிப்படையாக எடுத்துவரத் தடை 30.07. சிவப்பில் 51 சதவீதம் என்று போட்ட பாருக்குள் துப்பாக்கியோடு போக யாருக்குமே அனுமதி இல்லை. கோயில், தேவாலயங்களுக்கு 2019 முதல் தனித் தடை கிடையாது. பியர்லாண்டு மீனாட்சி கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் வாசலில் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். நிர்வாகிகள் வாயால் சொன்னாலும் அதுவே தடைதான்.

இப்போது உங்களுக்கு மட்டுமே உரிய ஆபத்து. குடிமகனுக்கு அபராதத்தோடு முடியும் ஒரு சின்னக் குற்றம் உங்களை நாட்டை விட்டே அனுப்பிவிடலாம். துப்பாக்கி வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது தொடர்பான எந்தச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றாலும், கிரீன் கார்டு உள்ளவரை நாடு கடத்தலாம் என்கிறது குடியேற்றச் சட்டம். அது பெரிய குற்றமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. டெக்சாஸில் சட்டவிரோதமாக ஆயுதம் எடுத்துச் சென்ற குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். உங்களுக்கோ அதன் உண்மையான விலை கிரீன் கார்டு. இது எப்படி வந்து மாட்டும் என்றால், காரில் பிஸ்டல் வைத்துக்கொண்டு சாதாரணப் போக்குவரத்து மீறலைத் தாண்டிய எந்தக் குற்றத்தில் ஈடுபட்டாலும் பிஸ்டலுக்குத் தனிக் குற்றம் சேரும். விருந்தில் இரண்டு பெக் போட்டுவிட்டு ஓட்டி வந்து பிடிபட்டால், குடித்து ஓட்டியது ஒரு வழக்கு, கன்சோலில் இருந்தது இன்னொரு வழக்கு. நண்பர் விட்டுப்போன கஞ்சா மிட்டாய் பொட்டலம் சீட் பையில் இருந்தாலும் இதே கதிதான்.

அப்போது அரசு வழக்கறிஞர் "டெஃபர்டு அட்ஜுடிகேஷன்" என்று ஒரு சமரசம் நீட்டுவார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, கண்காணிப்புக் காலத்தை ஒழுங்காகக் கழித்தால் தண்டனைத் தீர்ப்பே பதியாது. கேட்க இனிக்கும். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்தாலே குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அது தண்டனைதான். நாடு கடத்தும் அபாயத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-ல் படில்லா தீர்ப்பு வந்த பிறகும், கட்சிக்காரர் குடிமகனா என்று கேட்காத வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஆகவே கைதானால் முதல் சந்திப்பிலேயே "நான் குடிமகன் இல்லை" என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். போலீசிடம் அதைப் பற்றிப் பேச வேண்டாம். கிரீன் கார்டு எப்போதும் பர்சில் இருக்கட்டும், கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

அந்தப் போலீஸ்காரர்மீது நடவடிக்கை எடுக்கலாமா என்று வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் அந்த ஆதங்கம் தெரிகிறது. சம்மதம் கொடுத்திருப்பதால் நஷ்ட ஈடு வழக்கில் வலு இல்லை. நடத்தை முறையற்றது என்று தோன்றினால் புகாரை எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். அதற்கு முன் கேமராப் பதிவைக் கேளுங்கள். தேதி, ஏறக்குறைய நேரம், இடம், பதிவில் இருப்பவர் ஒருவரின் பெயர் (உங்கள் பெயரே போதும்), இவ்வளவும் எழுத்தில் தர வேண்டும். பதிவைக் குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. போன மாதம் நடந்தது என்பதால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நியூ ஜெர்சிக்குப் பிஸ்டல் வேண்டாம். டெக்சாஸ் சட்டமோ டெக்சாஸ் லைசென்ஸோ அங்கே செல்லாது. வழியில் குறுக்கிடும் மாநிலங்களைக் கடக்க ஒரு ஃபெடரல் பாதுகாப்பு இருப்பது உண்மை. குண்டு நிரப்பாமல், கைக்கெட்டாத இடத்தில், டிக்கியில் பூட்டி வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் கிளம்பும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அதை வைத்திருந்து எடுத்துச் செல்ல உங்களுக்கு உரிமை இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. நீங்கள் போய்ச் சேரும் இடமே நியூ ஜெர்சி. 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஷனீன் ஆலன் என்ற பெண் பென்சில்வேனியா பெர்மிட்டை நம்பி எல்லை தாண்டினார். போக்குவரத்து நிறுத்தத்தில், உங்களைப் போலவே நேர்மையாக, துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். கைதானார், குறைந்தபட்சமே மூன்றரை ஆண்டு கட்டாயச் சிறை என்ற வழக்கை எதிர்கொண்டார். 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்ததால் மீண்டார். கிரீன் கார்டுக்காரர் ஆளுநரின் மன்னிப்பை நம்பிப் பயணம் போக முடியாது. பிஸ்டலை வீட்டுச் சேஃபில் பூட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் தம்பி வீட்டில் இருப்பார் என்பதால் எண்ணை எழுதி எங்கும் ஒட்டிவைக்காதீர்கள். கிளம்பும் முன் காரை ஒருமுறை துழாவிவிடுங்கள், முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாக்களை எடுத்துச் செல்வதற்கு நியூ ஜெர்சியில் தனிக் குற்றம் உண்டு.